கப்பலுக்குப் போகாத மெயில்

நம் செல்போன் கம்பெனிக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓய்வு பெற்றவள் சும்மா இருக்கக் கூடாதா என்று நினைப்பீர்கள். இருக்க முடியவில்லை. பேருந்து நிலையம் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். "நெட்டு வரலைங்க" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் உங்கள் கையில் இருக்கிறது, செட்டிங்ஸ் திறந்திருக்கிறது, விரல்கள் பறக்கின்றன. அவர் முகத்தை இன்னும் நீங்கள் பார்க்கவே இல்லை. வந்தவருக்கு என்ன அவசரம், நேற்றுவரை அந்தப் போன் எப்படி இருந்தது, ஒன்றும் தெரியாது. கை மட்டும் வேலையை ஆரம்பித்துவிட்டது.

நான் தொண்ணூறுகளில் லேண்ட்லைன் புகார் மேசையில் ஆரம்பித்தவள். அங்கே எங்கள் கையில் எந்தக் கருவியும் கிடையாது. கம்பி எங்கோ அகரத்திலோ தாடிக்கொம்பிலோ அறுந்து கிடக்கும். நாங்கள் திண்டுக்கல்லில் உட்கார்ந்து கேள்வி கேட்டே அது எங்கே அறுந்தது என்று ஓரளவு கண்டுபிடிக்க வேண்டும். அதனால் எனக்கு வாய் நீளம். வீட்டிலும் அதே பெயர்தான்.

பிறகு செல்போன் வந்தது, நான் இந்தப் பக்கம் வந்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் பெரிய திரை போட்ட புதுப் போன்கள் இறங்கின. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அண்ணன் தம்பிகள் வாங்கி அனுப்புவார்கள். அதில் இன்டர்நெட் வர வைப்பதற்கென்றே கூட்டம் நிற்கும். நாங்கள் ஒரு செட்டிங்ஸ் மெசேஜ் அனுப்புவோம், அதைச் சேமித்து, போனை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஃபார்மட். ஒரு எண்ணை அழுத்தினால் போன் பெட்டியிலிருந்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியம். போனில் இருந்ததெல்லாம் போய்விடும், ஆனால் வரிசை நகரும். எங்கள் ஆட்களுக்கு வரிசை நகர்ந்தால் போதும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான். மதியம் ஷட்டரை இறக்கிவிடுவோம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் கவுண்டரை மொய்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், யாரையும் இடிக்காமல், யாரிடமும் சண்டை போடாமல் என் முன்னால் வந்து நின்றாள். தலை வாரவில்லை. கையில் புத்தம் புதுப் பெரிய போன்.

"அக்கா, இதுல மெயில் போக மாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க. எங்கப்பா விடியக்காலையில இறந்துட்டாரு."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அவள் பெயர் ஜெசிந்தா. அகரத்துக்காரி. பின்னால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றவர் அவளுடைய பெரியப்பா, இறந்தவரின் அண்ணன். வெளியே ஆட்டோ காத்திருந்தது. நான் போனைத் தொடவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, "யாருக்கு மெயில் போகணும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவளுடைய ஒரே அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது போன் போட முடியாது. மெயில்தான் ஒரே வழி, அதுவும் கப்பலில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் வந்து இறங்கும். கண்டவர் அனுப்புவதையும் அந்தக் கப்பல் வாங்காது. மாலுமி எந்த முகவரியைப் பதிந்து கொடுத்திருக்கிறானோ அந்த முகவரியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். போன விடுமுறைக்கு வந்தபோது இந்தப் போனை வாங்கிக் கொடுத்து, ஒரு மெயில் முகவரியையும் உண்டாக்கி உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தான். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். தங்கச்சி திறந்து எழுதினால் போதும் என்று நினைத்திருக்கிறான்.

"நேத்து சாயங்காலம்கூட அண்ணனுக்கு அனுப்பினேன்க்கா. போச்சு. பதிலும் வந்துச்சு. இன்னைக்குக் கொழும்புப் பக்கம் வாரேன்னு எழுதியிருந்தான். கொழும்புல இறங்கிட்டான்னா நாளைக்கு வீட்டுக்கு வந்துரலாம். விட்டுட்டா கப்பலு அப்புடியே வெகு தூரம் போயிரும்."

"கப்பல் கம்பெனி ஆபீஸ்ல சொன்னியா?"

"அடிச்சுப் பாத்தாச்சு. லீவு போல, யாரும் எடுக்கல."

பெரியப்பா இடையில் புகுந்தார். "நாலு மணிக்கு அடக்கம்னு சர்ச்சு சாமியார்ட்ட சொல்லியாச்சு தாயி. வெயிலு பாருங்க. ஐஸ் பெட்டிக்கும் சொல்லல. மகன்கிட்டருந்து ஒரு வார்த்தை வந்தா நாளைக்குத் தள்ளலாம். வராட்டி நாங்க எம்புட்டு நேரந்தான் வெச்சிருக்க?"

கொடுமைக்காரர் இல்லை அவர். ஊர் அவரைத்தான் கேட்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அண்ணன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல், கேட்காமல் அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டால் அவன் திரும்பி வரும் நாளில் அவள் என்ன முகத்தோடு கதவைத் திறப்பாள்?

இனிமேல்தான் உங்களுக்குப் பாடம். போனை வாங்கி, சாதாரணமாக ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மெதுவாக, ஆனால் திறந்தது. அப்படியானால் சிம்மில் கோளாறு இல்லை, டவரில் இல்லை, எங்கள் செட்டிங்ஸில் இல்லை. மெயிலைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. மறுபடியும் அதே. அனுப்பாமல் கிடந்த மெயில்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் ஒரே வாசகம். காலையிலிருந்து அவள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எங்கள் மேற்பார்வையாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர், வரிசையைப் பார்த்தால் மட்டும் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"நெட்டு ஓப்பன் ஆகுதுல்ல? அப்ப நம்ம வேலை முடிஞ்சுது. மெயில் போகலைன்னா போனு செஞ்ச கம்பெனிக்காரன் பாக்கணும்."

"அவன் மதுரையில இருக்கான் சார். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"சரி, ஃபார்மட் போட்டு விடு. வேற என்ன பண்ண முடியும்? பின்னால எம்புட்டுப் பேரு நிக்கிறாங்க பாரு."

ஃபார்மட் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியப்பா முகம் தெளிந்தது. "அதைப் போட்டா சரியாயிருமா சார்? போடுங்க, போடுங்க" என்றார். பக்கத்து இருக்கைப் பையன் ஆர்வத்தில் கையை நீட்டினான். வேறொரு நாளாக இருந்திருந்தால் அது நடந்திருக்கும். போன் சுத்தமாகியிருக்கும், நெட்டும் ஓடியிருக்கும். அண்ணன் போட்டுவைத்த மெயில் கணக்கு அதோடு போயிருக்கும். பாஸ்வேர்டு நடுக்கடலில். பிறகு அந்த முகவரியிலிருந்து ஒரு எழுத்துகூடக் கப்பலுக்குப் போகாது.

நான் போனை என் மடியில் வைத்துக்கொண்டேன். "இதை யாரும் தொடக் கூடாது" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளருக்குக் கோபம், எனக்கு அதைவிடப் பெரிய பயம். எதைச் செய்யக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எதைச் செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பெரியப்பாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்து, "குழி வெட்டியாச்சா? சரி. வந்துர்றோம், வந்துர்றோம்" என்றார்.

பழைய புகார் மேசைப் பழக்கம் கைகொடுத்தது. நேற்றுச் சாயங்காலம் போயிருக்கிறது, இன்று காலை போகவில்லை. நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. போனிடம் கேட்டால் சொல்லாது. மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"ஜெசிந்தா, நேத்து மெயில் போனதுலருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் இந்தப் போன் யாரு கையில இருந்துச்சு?"

"எங்கிட்டதான்க்கா." சொல்லிவிட்டு ஒரு கணம் பெரியப்பாவைப் பார்த்தாள். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கீழ விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா? யாராவது எதையாவது அமுக்குனாங்களா?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்று அவளுக்கு முன்னால் பெரியப்பா சொன்னார். "நாங்க எதுக்குத் தொடப் போறோம்? எழவு வீட்டுல யாருக்கு நேரம் இருக்கு?"

தன்னிடம் கேட்காத கேள்விக்கு ஒருவர் இவ்வளவு பதில் சொன்னால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆனால் அவரை மடக்கினால் வாயே திறக்க மாட்டார். வயதானவர், தம்பியைப் பறிகொடுத்தவர், இத்தனை பேர் முன்னால் விலையுயர்ந்த போனைக் கெடுத்தவர் என்ற பட்டத்தை யார் வாங்கிக்கொள்வார்? போன் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, வீட்டில் காலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். யார் யார் வந்தார்கள், செபம் எத்தனை மணிக்கு, இப்படி.

தண்ணீரைக் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஜெபமாலை சொன்னோம் தாயி. கன்னியர் மடத்துலருந்து வந்திருந்தாங்க. சனம் பூராவும் உக்காந்திருக்கு. நடுவுல எவனோ ஒருத்தன் போன்ல சினிமாப் பாட்டு அடிச்சிருச்சு. அமத்துனா, அமத்தும்போதும் ஒரு பாட்டுப் பாடுது. எனக்குக் கோவம் தாங்கல. தம்பி முன்னால கெடக்கான், இதுக குத்துப்பாட்டுப் பாடுதுக."

"அப்புறம்?"

டம்ளரைக் கவுண்டரில் வைத்தார்.

"எல்லாப் போனையும் வாங்கி பேட்டரியக் கழட்டி ஒரு ஓலைப்பெட்டியில போட்டேன். இதையுந்தான். மூடியத் தொறக்கத் தெரியல, நகத்த வெச்சு நெம்பினேன். செபம் முடிஞ்சு மாட்டிக் குடுத்துட்டேன். அதுல ஏதும் போயிருச்சா தாயி? நான் கெடுக்கணும்னு செய்யல."

"நீங்க கெடுக்கல ஐயா" என்றேன், உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று தெரியாமலேயே. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "பேட்டரி மாட்டினதும் போன் என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"மணி கேட்டுச்சுக்கா. சுவர்க் கடிகாரத்தைப் பாத்து வெச்சேன். அப்புறம் தேதின்னு என்னமோ வந்துச்சு. அதைப் படிக்கல, ஓகே குடுத்துட்டேன்."

போனைத் திருப்பிப் பார்த்தேன். மேலே மணி, எங்கள் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகிற மணி. போன் கைக்கு வந்ததிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தேதி. நாள், மாதம் மட்டுமல்ல, வருடமே நாலைந்து பின்னால் கிடந்தது. அந்த வருடத்தில் அந்தப் போன் உலகத்திலேயே கிடையாது.

உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெயில் வாங்குகிற எதிர்முனை முதலில் ஒரு அடையாளச் சீட்டைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். போன் தன் தேதியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும். நாலைந்து வருடம் பின்னால் நிற்கிற போனுக்கு அது இன்னும் பிறக்காத சீட்டு. கதவைச் சாத்திவிடும். பாட்டு, படம், மற்ற பக்கங்களுக்கு அப்போது இந்தக் காவல் கிடையாது, அதனால் அவை திறந்தன.

தேதியை மாற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான மாதத்தைத் தொட்டேன். மெயிலைத் திறந்து, வரிசையில் கிடந்ததில் ஒன்றை மட்டும் அனுப்பினேன். சுற்றியது. ஜெசிந்தா பதறிப்போய் மறுபடி அழுத்தக் கையை நீட்டினாள். "தொடாத. நடுவுல அமுக்கினா முதல்லருந்து ஆரம்பிக்கும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். வரிசையில் முன்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

போய்விட்டது.

யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமா அது? கடலில் ஒருவன் தன் அப்பா செத்துப்போனதைத் தெரிந்துகொள்ளப் போகிறான், அதற்கு நான் வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

"வாங்க, ஊருக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்று பெரியப்பா எழுந்தார். நான் விடவில்லை. அந்தக் காலத்தில் அகரத்தில் பேசுவதற்கு சிக்னல் உண்டு, நெட்டு எப்போதாவதுதான் இழுக்கும். பதில் வந்தாலும் அங்கே நேரத்துக்கு வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது. "செத்த நேரம் இருங்க ஐயா" என்றேன். அவர் வெளியே ஆட்டோவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தம்பி மகளைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

அந்தக் காத்திருப்பைப் போல நான் வேலையில் எதையும் பார்த்ததில்லை. மற்றவர்கள் வந்தார்கள், ரீசார்ஜ் செய்தார்கள், சிம் வாங்கினார்கள். நான் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டு காதை அந்தப் போனிலேயே வைத்திருந்தேன். ஒரு தடவை சத்தம் வந்தது, மூவரும் பாய்ந்தோம். எங்கள் கம்பெனியின் விளம்பர மெசேஜ், ஹலோ டியூன் வைக்கச் சொல்லி. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

மூடும் நேரம் வந்தது. மேற்பார்வையாளர் ஷட்டர் கம்பியை எடுத்தார். என்னைப் பார்த்தார், ஸ்டூலில் குனிந்திருந்த பெண்ணைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். டீ சொல்லி அனுப்பினார். ஜெசிந்தாவும் பெரியப்பாவும் வேண்டாம் என்றார்கள். அடக்கம் முடியும்வரை தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டோம் என்றார் பெரியவர்.

பதில் வந்தபோது ஊரிலிருந்து மறுபடியும் யாரோ பெரியப்பாவை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுக்கவில்லை. ஜெசிந்தா திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்க படிங்கக்கா, கண்ணு கட்டுது, எழுத்து தெரிய மாட்டேங்குது." ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். இடையில் நிறையப் பிழைகள். நான் சத்தமாகப் படித்தேன்.

கேப்டனிடம் கேட்டேன். கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் போகவில்லை, வெளியிலேயே எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. இறங்க வழியில்லை. எனக்காக அப்பாவைக் காக்க வைக்காதீங்க. ஜெசி, என் கைப்பிடி மண்ணையும் நீயே போட்டுரு.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெட்டியைக் குழியில் இறக்கியதும் சொந்தங்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். மூத்த மகன்தான் முதலில். மகன் இல்லாத இடத்தில் ஊர் அந்த முதல் பிடியை இறந்தவரின் அண்ணனுக்குத்தான் கொடுக்கும்.

ஜெசிந்தா அப்போதுதான் அழுதாள். விடியக்காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. மேற்பார்வையாளர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இத்தனை பாடுபட்டும் வரமாட்டேன் என்றுதானே பதில் வந்திருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவள் அழுதுகொண்டே போனை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணனுக்குத் தெரியும். அவன் சொல்லிவிட்டான்.

அதனால்தான் பிள்ளைகளே சொல்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு நல்ல செய்தியை வாங்கிக் கொடுப்பது நம் கையில் இல்லை. செய்தி வருகிற வழியை நாமே அடைத்துவிடாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள். கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எந்திரி ஆத்தா. மொதப் பிடி நான் போடுறதா இருந்துச்சு. இப்ப அவன் சொல்லிட்டான்ல. அவன் மண்ண மொதல்ல போடு. அடுத்தது உன்னோடது. நான் உனக்குப் பின்னால நிக்கிறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும் முன் போனை எடுத்து, யாரையும் கேட்காமல் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளே திருப்பிக் காட்டினாள்.

மொத மண்ணு உன்னோடதுதாண்ணே, பெரியப்பா சொல்லிட்டாரு.

அனுப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு நின்றாள். போய்விட்டது என்று போன் காட்டிய பிறகுதான் பாதி ஷட்டருக்குக் குனிந்து ஆட்டோவில் ஏறினாள்.